அம்மனாக நடித்தவளைப் பற்றி உன் தங்கை சொன்னது

அன்புள்ள மகன் மாணிக்கத்துக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பாக்கியம் எழுதுகிறாள். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். எந்தக் கடிதமானாலும் இந்த வரியைப் பழக்கத்துக்காக எழுதச் சொல்வேன். இந்த முறை மனதாரச் சொல்கிறேன். போன மாதம் என்றால் இந்தச் சொல் எனக்கு வாயில் வந்திருக்காது. உன் கடிதத்துக்குப் பதில் போடத் தாமதமானதற்கும் அதுதான் காரணம். நான் பேசுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஒன்றைத் தொட்டு இன்னொன்றுக்குத் தாவிவிடுவேன். பாக்கியம் அதையெல்லாம் ஒழுங்குபடுத்திப் புத்தகத் தமிழில் எழுதுகிறாள். நடுவில் எனக்குத் தெரியாத சொல் ஏதாவது வந்தால் அது ஆறாம் வகுப்புக்காரியின் சொல் என்று நினைத்துக்கொள்.

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். பாச்சாங் ஊர்ப் பெண் வீட்டார் நல்ல மனிதர்கள், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மகனுக்குத் தாய் சொல்லிவைக்க வேண்டிய புத்தி சில உண்டு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது. நீ சிங்கப்பூரில் படம் காட்டுகிற மெஷினை ஓட்டுகிறாய். உன் முதலாளி தவுக்கே எந்தப் படத்தை எந்த ஊருக்கு அனுப்பலாம் என்று யோசிக்கிறார். அதனால் தோட்டத்து ஜனங்களுக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டு எழுதச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் உனக்குச் சொல்ல வேண்டிய புத்தியும் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொண்டன. ஆகவே இரண்டையும் பிரிக்காமல் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

நீ போன பிறகு இங்கே படம் பார்க்கிற ஆசை எல்லோரையும் பிடித்துக்கொண்டது. சம்பளம் போட்ட பிறகு வருகிற ஓய்வு நாளில் தோட்டத்து லாரி மலாக்காவுக்குப் போகிறது. சாமான் வாங்குகிறவர்கள் வாங்கிவிட்டு, படம் பார்க்கிறவர்கள் கொட்டகைக்குள் போய்விடுகிறார்கள். லாரியில் எல்லோருக்கும் இடம் இருக்காது. கைக்குழந்தைக்காரிகள், புருஷன் விடாதவர்கள், வேலை முடியாதவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள். அவர்களுக்குப் பாக்கியம்தான் கொட்டகை. மறுநாள் சாயங்காலம் குழாயடியில் பெண்கள் துணியை ஊறப்போட்டுவிட்டு, "படம் சொல்லு புள்ள" என்று அவளை நடுவில் உட்கார வைத்துக்கொள்வார்கள். அவள் கதையை மட்டும் சொல்வதில்லை. இது நன்றாயிருந்தது, இது ஏன் நன்றாயில்லை என்றும் சொல்வாள். அடுத்த லாரியில் அந்தப் படத்துக்குப் போவதா, துணிக்கடைக்குப் போவதா என்று அவள் வாயைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வாத்தியார் கொடுக்கிற புத்தகங்களைப் படித்துப் படித்து அவளுக்கு இந்தப் புத்தி வந்தது. எனக்கு அதில் பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் சண்டைப் படம் ஒன்று வந்தது. முகமூடி போட்ட ராஜகுமாரன் கோட்டைச் சுவரிலிருந்து குதிரை மேல் குதிக்கிறான். உன் அப்பாவும் ரப்பர்ப் பால் ஸ்டோர் ஆட்களும் பெஞ்சின் மேல் ஏறி நின்று விசிலடித்தார்கள். குழாயடியில் பாக்கியம் சொன்னாள்: "குதிரைதான் நல்லா நடிச்சுது. ராஜகுமாரன் குதிக்கும்போது ஒல்லியா இருக்கான், இறங்கி நின்னு வசனம் பேசும்போது தொப்பையோட இருக்கான். அது ரெண்டு பேரு." எனக்கு அது தோன்றவே இல்லை. உன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அவ கண்ணு என்னா கண்ணோ" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டார். ஆனால் அடுத்த தடவை அதே படத்துக்குப் போய்த் தொப்பையைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தார். உன் தவுக்கேயிடம் சொல், சண்டைப் படத்துக்கு இங்கே ஆண்கள் இரண்டு தடவை வருவார்கள்.

அடுத்தது குடும்பப் படம். குடிகாரப் புருஷன், பட்டினி கிடக்கிற பெண்டாட்டி. அவன் அடிக்கிறான், அவள் பாடுகிறாள். மறுபடி அடிக்கிறான், மறுபடி பாடுகிறாள். நான் முந்தானை நனைய அழுதேன். பாக்கியம் அழவில்லை. "சோறு இல்லாதவளுக்கு அவ்வளவு பாடுறதுக்கு மூச்சு எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டாள். பேசும்போது எல்லோரும் ஒரே பூந்தொட்டியின் பக்கத்தில் போய்ப் போய் நிற்கிறார்கள் என்றும் சொன்னாள். சத்தம் பிடிக்கிற கருவியை அதற்குள் ஒளித்திருப்பார்கள் என்று வாத்தியார் விளக்கினாராம். அந்தப் படத்துக்கு எங்களோடு வந்த ஆண்கள் படம் முடிந்ததும் நேராகக் கள்ளுக்கடைக்குப் போனார்கள் என்பதை உன் தவுக்கேக்கு எழுத வேண்டாம். நான் அழுததும் சரி, அவள் கேட்டதும் சரி. இரண்டும் ஒரே படத்தைப் பற்றித்தான். பெரிய படத்துக்கு முன்னால் காட்டிய சின்னச் சிரிப்புப் படத்தை மட்டும் அவள் குறையே சொல்லாமல் புகழ்ந்தாள். மாப்பிள்ளைக்கு ஒட்டுக்குடுமி, தாலி கட்டக் குனியும்போது அது ஓமத் தீயில் விழுகிறது, அவ்வளவுதான் கதை. சிரிக்க வைத்துவிட்டு உடனே முடிந்துவிட்டது என்பதுதான் அதன் அழகு என்றாள்.

அப்புறம் வந்தது அம்மன் படம். இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். சாமிப் படம் என்றால் நம் ஜனங்கள் எப்படிப் போவார்கள் என்று நீ சிங்கப்பூரில் பார்த்திருப்பாய். தலைக்குக் குளித்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், மஞ்சள் சேலை கட்டி, தட்டில் தேங்காய், பூ, கற்பூரத்தோடு லாரியில் ஏறினோம். கொட்டகை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். திரையில் அம்மன் வந்ததும் பெண்கள் எழுந்து குலவை போட்டார்கள். கங்காணியம்மா முன்னால் ஓடி, தரையில் கற்பூரம் கொளுத்திவிட்டாள். கொட்டகைக் காவல்காரர் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, "திரைக்குத் தீப்பிடிச்சா ஆத்தாளுக்கும் சேத்து பிடிக்கும்லா!" என்று கத்திக்கொண்டு வந்தார். அந்தக் கூட்டத்தில் பாக்கியம் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவின் குழந்தை அஞ்சலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வயசுக் குழந்தை, படம் முழுவதும் பேசாமல் பார்த்தது.

மறுநாள் குழாயடியில் படம் சொல்லும்போது உன் தங்கை வழக்கம் போலவே சொன்னாள். "கதை நல்லாயிருக்கு, பாட்டும் நல்லாயிருக்கு. ஆனா அம்மனா நடிச்சவங்க நல்லா நடிக்கல. அசுரனைக் கொல்லும்போது மூஞ்சியில கோபமே இல்ல. சாப்பாடு எப்ப போடுவாங்கன்னு காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. பாட்டு முடியறதுக்கு முன்னாடியே வாயை மூடிடறாங்க. கைலாசத்துல காக்கா கத்துது." பெண்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். கங்காணியம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "யாரைடி சொல்றே? ஆத்தாளையா சொல்றே?" என்றாள். "இல்ல பெரியம்மா, நடிச்சவங்களைச் சொல்றேன்" என்றாள் இவள். "வேப்பிலை கட்டிக்கிட்டு, சூலம் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. நீயும் நானும் கற்பூரம் காட்டிக் கும்பிட்டோம். அது ஆத்தா இல்லாம வேற யாரு? படிச்ச திமிருடி உனக்கு." அத்தோடு எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சில நாள் கழித்து அஞ்சலைக்குக் காய்ச்சல் வந்தது. விடிந்து பார்த்தால் உடம்பெல்லாம் முத்து. அம்மை போட்டிருந்தது. மாணிக்கம், அந்தச் செய்தி லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போன வேகத்தை நான் எப்படிச் சொல்வேன்! அம்மனைப் பழித்தவளின் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தைமேல் அம்மன் இறங்கிவிட்டாள் என்று வாசலுக்கு வாசல் பேசினார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வந்து பார்த்து, மலாக்கா டவுனிலும் தங்கா பத்து ஊர்ப் பக்கமும் அம்மை பரவியிருக்கிறது, யாருடைய வாயாலும் வந்ததில்லை என்றார். "ஊசி போடறவருக்கு ஆத்தா கோபம் என்னா தெரியும்?" என்று கங்காணியம்மா கேட்டாள். சின்னப்பொண்ணு என்னோடு ஒரே சுவர் வைத்த வீட்டில் இருக்கிறாள். தினம் நாலு தடவை அக்கா அக்கா என்று கூப்பிடுகிறவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை முனகுவது மட்டும் கேட்டது.

கங்காணி எங்களைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் பாக்கியம் ஈரத்துணியோடு நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். படத்தில் வந்த அம்மனிடம் ஒரு குறையும் இல்லை என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும் என்றார். உன் தங்கை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் என்ன சொன்னாள் தெரியுமா? "ஆத்தாகிட்ட எத்தனை தடவை வேணும்னாலும் மன்னிப்புக் கேக்கறேன் கங்காணி ஐயா. அந்தம்மா நல்லா நடிச்சாங்கன்னு மட்டும் சொல்லமாட்டேன். அது பொய். கோயில் முன்னால பொய் சொல்லக் கூடாது." உன் அப்பாவின் முகம் செத்துப்போனது. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார்: "படிப்பு போதும். நாளையிலேருந்து புல்லு வெட்ட வா. வாய் தானா அடங்கும்." நான் எவ்வளவோ சொன்னேன். அவருக்கும் பயம், மாணிக்கம். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தத் தோட்டத்தில் எங்களால் தலைகாட்ட முடியாது என்ற பயம். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பேர் கூப்பிடும்போது பாக்கியத்தின் பேரும் சேர்ந்துவிட்டது. வாத்தியார் வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். புல் வெட்டி வெட்டிப் பாக்கியம் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப்போய், பேனாவைப் பிடிக்க முடியாமல் இருந்தாள். உனக்குக் கடிதம் வராமல் போனது அதனால்தான்.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதிலாக நானே ஈரச்சேலையோடு கோயில் முன்னால் போய் நின்றேன். எனக்கும் பாதி நம்பிக்கை, பாதி பயம். தாயே, என் பெண் சின்னவள், பொறுத்துக்கொள், பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன். "சொல்லு, படத்துல வந்த ஆத்தாகிட்ட குறை ஒண்ணுமில்லேன்னு சொல்லு" என்று கங்காணியம்மா பின்னால் நின்று எடுத்துக் கொடுத்தாள். வாயைத் திறந்தேன். வரவில்லை. நானும் அந்தப் படத்தைப் பார்த்தவள்தானே! அந்த அம்மா சூலத்தைத் துடைப்பம் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தது என் கண் முன்னாலேயே நின்றது. இருமிக்கொண்டு வந்துவிட்டேன். இதைப் பாக்கியத்திடம் இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அஞ்சலை பிழைத்தாள். முத்து வாடி, காய்ச்சல் இறங்கி, வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றிய அன்று குழந்தை கஞ்சி கேட்டு அழுதது. அந்த அழுகைச் சத்தம் கேட்டு நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் பாக்கியத்தின் மேல் விழுந்த பழி அப்படியே இருந்தது. ஆத்தா மன்னித்துவிட்டாள் என்றுதான் பேசினார்களே தவிர, இவள் தப்புச் செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. தினமும் கத்தியோடு புல் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். இதற்கு நடுவில் சின்னப்பொண்ணு ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். குழந்தை பிழைத்தால், எந்தக் கொட்டகையில் ஆத்தா கோபித்தாளோ அதே கொட்டகையில், அதே படத்துக்குக் குழந்தையோடு போய், ஆத்தா வரும்போது தேங்காய் உடைக்கிறேன் என்பது வேண்டுதல். படத்துக்கு நேர்த்திக்கடன் வைத்த முதல் ஆள் இந்த மலாக்காவில் அவளாகத்தான் இருப்பாள். தோட்டம் தோட்டமாக ஜனம் வந்துகொண்டிருந்ததால் கொட்டகைக்காரரும் அந்தப் படத்தை மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஆக மறுபடியும் மஞ்சள் சேலை, மறுபடியும் லாரி. வேண்டுதல் என்பதால் ஆண்களும் வந்தார்கள். உன் அப்பாவும் வந்தார். பாக்கியமும் வர வேண்டும் என்று கங்காணியம்மாதான் கட்டாயப்படுத்தினாள், ஆத்தா முன்னால் தலைகுனிந்து நிற்கட்டும் என்று. அம்மன் திரையில் வந்ததும் சின்னப்பொண்ணு குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனாள். வாசல்படியில்தான் தேங்காய் உடைக்கலாம் என்று காவல்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதனால் அங்கே உடைத்துவிட்டு வந்து, திரைக்கு நேர் கீழே நின்று கைகூப்பினாள். போன தடவை கூட்டத்துக்குப் பின்னால் இருந்து பார்த்தவள், இப்போது அம்மனை நேருக்கு நேர் பார்க்கிறாள். கண் கொட்டாமல் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பிட்ட கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. திடீரென்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"என்னாக்கா இது? நம்ம கோயில்ல பூசாரி மேல ஆத்தா வந்து நின்னா நமக்குக் குலை நடுங்குது. என் புள்ள மேல ஆத்தா இருந்தப்ப அந்த மூஞ்சியைப் பாக்கவே எனக்குத் தைரியமில்ல. இதென்ன, இந்தம்மா கொட்டாவி விடப் போற மாதிரி நிக்குது! இது ஆத்தாளா? ஆத்தா வந்தா இப்படியா இருப்பா? இது ஆத்தாளே இல்ல!"

அந்த நேரம் பார்த்துக் கைலாசத்தில் காக்கா கத்தியது. முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள், பிறகு கொட்டகையே சிரித்தது. கங்காணியம்மா எழுந்து, "ஏண்டி, வேண்டுதலுக்கு வந்த இடத்துல என்னடி பேசறே?" என்றாள். "வேண்டுதல் ஆத்தாளுக்கு. தேங்காயை அவ வாங்கிக்கிட்டா. இந்தம்மாளுக்கு நான் ஒண்ணும் நேந்துக்கலையே" என்றாள் சின்னப்பொண்ணு. கங்காணியம்மா எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள். "பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சின்னப்பொண்ணு திரும்பி வந்து பாக்கியத்தின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, "நீ கம்மியாத்தான் சொல்லியிருக்கே புள்ள" என்றாள். குழந்தையை என்னிடமிருந்து வாங்கி அவள் மடியில் வைத்தாள். மாணிக்கம், அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தைச் சொல்ல ஆறாம் வகுப்புத் தமிழிலும் சொல் கிடையாது என்கிறாள் உன் தங்கை.

திரும்பி வரும்போது லாரியில் ஒரே சத்தம். அசுரன் நன்றாக நடித்தானா, நாரதர் ஏன் அவ்வளவு நேரம் பாடினார், அம்மன் வேஷத்துக்கு நம் தோட்டத்தில் யார் பொருத்தம் என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். வாயே திறக்காத பெண்களெல்லாம் அன்றைக்கு அபிப்பிராயம் சொன்னார்கள். கங்காணியம்மாகூடக் கடைசியில், "அந்தச் சிங்கம் மட்டும் நிஜச் சிங்கம் இல்ல, அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். உன் அப்பா மட்டும் பாக்கியத்தின் கொப்பளித்த கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நாளைக்கு உன் பெண்டாட்டி உன் கொட்டகைக்கு வந்து படம் பார்ப்பாள். நீ ராத்திரி பகலாக மெஷின் ஓட்டிக் காட்டுகிற படத்தை நன்றாயில்லை என்று சொன்னாலும் சொல்வாள். உன் சமையல் ருசியை, உன் அம்மா பேச்சை, உன் நண்பனை அவளுக்குப் பிடிக்காமல் போகலாம். குறை சொல்கிறவள் உன்னைப் பழிக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதே. ஏன் என்று கேள், அவள் சொல்லி முடிக்கிறவரை கேள். பயத்தில் நாங்கள் ஒரு பெண்ணின் வாயை அடைக்கப் பார்த்தோம். உன் அப்பாவைப் போல நல்ல மனிதருக்கே பயம் அப்படிச் செய்ய வைக்கிறது. உன் தவுக்கேயிடம் சாமிப் படத்தைத் தாராளமாக அனுப்பச் சொல், ஜனம் வரும். ஆனால் சாமி வேஷம் கட்டுகிறவரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல். இங்கே நிஜ ஆத்தாளைப் பார்த்துப் பழகிய கண்கள் இருக்கின்றன.

மறுநாள் காலையில் உன் அப்பா பெரட்டுக்குக் கிளம்பினார். பாக்கியம் புல் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள். அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கி கூரை இறவாணத்தில் செருகினார். "இதை எங்கே எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டே? வாத்தியார் தேட மாட்டாரா?" என்றார். அத்தோடு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். நான் அடுப்பை ஊதுவதுபோலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இன்னும் எழுத எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் பாக்கியம் நிறுத்தச் சொல்கிறாள். விட்டுப்போன பாடமெல்லாம் நாளைக்குள் எழுதி முடிக்க வேண்டுமாம், வாத்தியார் கோபிப்பாராம். சரி, எழுது தாயே என்று விளக்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டேன்.